நாஜி ஜெர்மனியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட்லர் என்றதும் ஆஷ்விட்ஸ், விஷவாயு, சரக்கு ரயில் இதெல்லாம்தான் சட்டென்று நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் எட்டு வருஷம் வேறொரு வேலை நடந்தது, பெரும்பாலும் டைப்ரைட்டரிலும் ரப்பர் ஸ்டாம்பிலும். இந்தப் பக்கம் அதைப் பற்றித்தான். நான் சட்டம் படித்தவன். கல்லூரியில் நூரம்பர்க் சட்டங்களை (1935-இல் யூதர்களின் குடியுரிமையைப் பறித்தவை) ஒரே வரியில் தாண்டிப்போனார்கள், பிற்பாடு அந்த ஒரு வரியைத் தேடிப் படிக்கப்போய் இதிலேயே மாட்டிக்கொண்டேன். இதைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அதனால் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

ஜெர்மனியில் அப்போது எத்தனை யூதர்கள் இருந்தார்கள்?

1933-இல் சுமார் 5 லட்சம். மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. முதல் உலகப் போரில் ஏறக்குறைய ஒரு லட்சம் யூதர்கள் ஜெர்மன் படையில் இருந்தார்கள், அதில் சுமார் 12,000 பேர் செத்தும் போனார்கள். இந்தப் போர்க்கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே வேலைக்கு வரும்.

ஒரே ஆள் நினைத்தபடி சட்டம் போட முடிந்தது எப்படி? பாராளுமன்றம் இல்லையா?

இருந்தது. அதுவேதான் தன் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்தது. 1933 ஜனவரி 30-இல் ஹிட்லர் சான்சலர், அதாவது அரசின் தலைவர், ஆனார். பிப்ரவரி 27-இல் பாராளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தது. மறுநாளே பேச்சுரிமை, தனிமனித உரிமை எல்லாவற்றையும் நிறுத்திவைத்து ஓர் ஆணை வந்தது. மார்ச் 23-இல், இனிமேல் அமைச்சரவையே சட்டம் இயற்றலாம், அது அரசியலமைப்பிலிருந்து விலகினாலும் பரவாயில்லை என்று 444-க்கு 94 வாக்கில் நிறைவேற்றினார்கள். எதிர்த்து ஓட்டுப் போட்டது சமூக ஜனநாயகக் கட்சி மட்டும். கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் ஒன்று சிறையில், இல்லாவிட்டால் தலைமறைவில்.

யூதர்களுக்கு எதிரான முதல் சட்டம் எது?

ஏப்ரல் 1-ஆம் தேதி யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொல்லிச் சீருடைக்காரர்களை வாசலில் நிறுத்தினார்கள். அது தெருச் சண்டை மாதிரி, ஒரே நாளில் முடிந்தது. நான் கவனிக்கச் சொல்வது ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 7-இல் வந்ததை. பெயர் என்ன தெரியுமா? 'தொழில்முறை அரசுப் பணியை மீட்டமைக்கும் சட்டம்'. தலைப்பில் யூதர் என்ற சொல்லே கிடையாது. உள்ளே மூன்றாவது பிரிவில், ஆரியர் அல்லாத ஊழியர்களை ஓய்வில் அனுப்ப வேண்டும் என்று இருக்கிறது. (இந்த 'ஆரியர்' நாம் இங்கே வாதாடிக்கொண்டிருக்கும் ஆரியர் அல்ல. நடைமுறையில் 'ஆரியர் அல்லாதவர்' என்றால் யூதர் என்றுதான் பொருள்.)

விஷயம் விதிவிலக்கில் இருக்கிறது. போர்முனையில் சண்டையிட்டவர், போரில் அப்பாவையோ மகனையோ இழந்தவர், 1914 ஆகஸ்ட் 1-க்கு முன்பிருந்தே பணியில் இருப்பவர், இவர்களை விட்டுவிடலாம். ஜனாதிபதி ஹிண்டன்பர்க் கிழவர் பழைய படைத்தளபதி, தன் போர்வீரர்களைத் தொடக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். வழக்கறிஞர்களுக்கும் அதே நாளில் அதே மாதிரி ஒரு சட்டம். எண்ணிப் பார்த்தால் யூத வழக்கறிஞர்களில் பாதிக்கு மேல் விதிவிலக்கில் வந்துவிட்டார்கள். நாஜிகளே இதை எதிர்பார்க்கவில்லை. ஆனால் இந்த விதிவிலக்கு ஒரு காரியம் செய்தது. தப்பித்தவர், 'பரவாயில்லை, சட்டம் என்று ஒன்று இருக்கிறது, எனக்கு அதில் இடம் இருக்கிறது' என்று உட்கார்ந்துவிட்டார். பக்கத்து மேஜைக்காரர் போனது வருத்தம்தான், ஆனால் அவர் போர்முனைக்குப் போகவில்லையே. 1935 முடிவில் அரசு ஊழியர்களுக்கு இருந்த அந்த விதிவிலக்கையும் ரத்து செய்தபோது கூடச் சேர்ந்து குரல் கொடுக்க ஆள் இல்லை.

விதிவிலக்கு இருந்தும் அதை வேண்டாம் என்றவர் ஒருவர்: இயற்பியலாளர் ஜேம்ஸ் ஃபிராங்க். நோபல் பரிசு பெற்றவர், போர்முனைக்குப் போனவர், யாரும் அவரைத் தொட்டிருக்க முடியாது. ஏப்ரல் 17-ஆம் தேதி கோட்டிங்கன் பல்கலைக்கழகப் பதவியைத் தானே ராஜினாமா செய்தார்.

அந்த முதல் வருஷத்திலேயே வேறென்ன வந்தது?

அடுத்தடுத்து வந்தது. ஏப்ரலிலேயே யூத மருத்துவர்களைக் காப்பீட்டுத் திட்டங்களிலிருந்து விலக்கினார்கள். பள்ளி, கல்லூரிகளில் புதிதாகச் சேரும் 'ஆரியர் அல்லாத' மாணவர்களுக்கு 1.5 சதவீத உச்சவரம்பு, அதற்குத் தலைப்பு 'பள்ளிகளில் நெரிசலைத் தடுக்கும் சட்டம்'. மிருகங்களை மயக்கமடையச் செய்யாமல் அறுக்கக்கூடாது என்று ஒன்று, அதாவது யூத முறைப்படி இறைச்சி கிடையாது. ஜூலையில், 1918-க்குப் பிறகு குடியுரிமை வாங்கியவர்களிடமிருந்து அதைப் பறிக்கலாம் என்று ஒரு சட்டம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்கள்தான் குறி. அக்டோபரில் பத்திரிகை ஆசிரியர் வேலையும் போயிற்று. ஒவ்வொன்றும் தனித்தனிக் கூட்டத்தைத்தான் தொட்டது, அதையும் கவனியுங்கள்.

யாருமே கோர்ட்டுக்குப் போகவில்லையா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எப்போதும் பிடிக்கும், ஏனென்றால் ஒருவர் போனார், ஜெயித்தும் விட்டார்.

ஃபிரான்ஸ் பெர்ன்ஹைம் என்று ஒரு ஆள். பெரிய தலைவரெல்லாம் இல்லை. மேல் சைலீசியா பகுதியில் கிளைவிட்ஸ் என்ற ஊரில் ஒரு கடையில் வேலை பார்த்தவர், யூதர் என்பதால் 1933 ஏப்ரலில் வேலை போயிற்று. அந்தப் பகுதிக்கு ஒரு விசேஷம் உண்டு. போருக்குப் பிறகு அதை ஜெர்மனியும் போலந்தும் பங்கு போட்டபோது, 1922-இல் ஜெனீவாவில் ஓர் ஒப்பந்தம் செய்து, சிறுபான்மையினரைப் பாகுபாடு இல்லாமல் நடத்துவோம் என்று இரண்டு நாடும் கையெழுத்திட்டிருந்தன, 15 வருஷத்துக்கு. பெர்ன்ஹைம் அந்த ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு நாடுகளின் கூட்டமைப்புக்கே (ஐ.நா.வுக்கு முன்னோடி) மனுப் போட்டார். ஜெர்மனிக்குச் சங்கடம். கையெழுத்து அவர்களுடையது, மறுக்க முடியவில்லை, 'கீழ் அதிகாரிகள் தெரியாமல் செய்துவிட்டார்கள்' என்று சமாளித்தார்கள்.

விளைவு: ஜெர்மனியின் அந்த ஒரு மூலையில் மட்டும் யூதர்களுக்கு எதிரான சட்டங்களை நிறுத்திவைத்தார்கள். நூரம்பர்க் சட்டங்கள் உட்பட! பெர்லினில் இல்லாத உரிமை கிளைவிட்ஸில் இருந்தது. 1937 ஜூலை 15-இல் ஒப்பந்தம் காலாவதியானது, உடனே எல்லாச் சட்டங்களும் அங்கேயும் வந்து இறங்கின. ஒரு காகிதம் நாலு வருஷம் தாங்கியது. அதற்கு மேல் அதற்குத் தெம்பு இல்லை.

நூரம்பர்க் சட்டங்கள் என்கிறார்களே, அவை சரியாக என்ன சொல்லின?

1935 செப்டம்பர் 15, நாஜிக் கட்சியின் ஆண்டு மாநாட்டின்போது நூரம்பர்க்கில் நிறைவேற்றியவை. முக்கியமானவை இரண்டு.

ஒன்று, ரைஷ் (அதாவது ஜெர்மன் அரசு) குடியுரிமைச் சட்டம். நாட்டைச் சேர்ந்தவர் வேறு, குடிமகன் வேறு என்று பிரித்தது. ஜெர்மானிய அல்லது அதைச் சார்ந்த ரத்தம் உள்ளவர்தான் குடிமகன். யூதர் வெறுமனே நாட்டைச் சேர்ந்தவர், ஓட்டு கிடையாது, பதவி கிடையாது. இது சில வரிகள்தான். ஆனால் இதன் கீழ் விதிகள் வகுக்கலாம் என்று ஒரு வாசல் திறந்துவைத்தார்கள், அந்த வாசல் வழியாக 1943 வரை 13 துணை விதிகள் உள்ளே வந்தன. சட்டம் படித்தவர்களுக்கு இந்த வித்தை புரியும்: தாய்ச் சட்டத்தில் ஒன்றுமே இருக்காது, எல்லாம் விதியில் இருக்கும்.

இரண்டாவது, 'ஜெர்மானிய ரத்தத்தையும் மானத்தையும் காக்கும் சட்டம்'. யூதருக்கும் ஜெர்மானியருக்கும் கல்யாணம் கூடாது, கல்யாணத்துக்கு வெளியே உறவும் கூடாது, 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட ஜெர்மானியப் பெண்ணை யூதர் வீட்டில் வேலைக்கு வைக்கக்கூடாது, தேசியக் கொடி ஏற்றக்கூடாது. உறவு குற்றத்துக்கு ஆணுக்கு மட்டும்தான் தண்டனை.

இதை எழுதிய அதிகாரிகளில் ஒருவர் பெர்ன்ஹார்ட் லோசனர், உள்துறை அமைச்சகத்தில் யூதர் விவகாரம் பார்த்தவர். மாநாடு நடந்துகொண்டிருக்கும்போதே அவசரமாக விமானத்தில் வரவழைத்தார்கள், ராத்திரியோடு ராத்திரியாக வரைவு மேல் வரைவாக எழுதினோம், காகிதம்கூடக் கைவசம் இல்லை என்று பிற்காலத்தில் சொன்னார். அவர் தன்னை நல்லவராகக் காட்டிக்கொள்ள எழுதியது அது, அப்படியே விழுங்கிவிட முடியாது. இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு முன்பே பல மாதமாக நடந்துகொண்டிருந்தது.

சரி, யார் யூதர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

இங்கேதான் எனக்குச் சிரிப்பும் வரும், வயிற்றைப் பிசையவும் செய்யும்.

1933-இல் தாத்தா பாட்டி நால்வரில் ஒருவர் யூதராக இருந்தாலே போதும் என்றார்கள். 1935 நவம்பர் 14-இல் வந்த முதல் துணை விதி இன்னும் நுணுக்கமாகப் போனது. நால்வரில் மூவரோ நால்வருமோ யூதர் என்றால் நீங்கள் யூதர். இருவர் என்றால் பார்க்க வேண்டும்: நீங்கள் யூத சமயச் சபையில் உறுப்பினரா, யூதரைக் கட்டியிருக்கிறீர்களா? ஆம் என்றால் யூதர், இல்லை என்றால் முதல்நிலைக் கலப்பினம். ஒருவர் மட்டும் என்றால் இரண்டாம்நிலைக் கலப்பினம்.

இதெல்லாம் ரத்தம், இனம், விஞ்ஞானம் என்று முழங்கினார்களே, அந்தத் தாத்தா யூதர் என்பதை எந்த ரத்தப் பரிசோதனையில் கண்டார்கள்? ஒன்றிலும் இல்லை. அவர் யூத சமயச் சபையில் இருந்தாரா என்று பதிவேட்டைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்காக யூத மதத்துக்கு மாறிய அசல் ஜெர்மானியப் பாட்டியும் சட்டப்படி யூத இனம்! மறுபக்கம், நீங்களே பிறந்ததிலிருந்து ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவராக இருந்தாலும் பயன் இல்லை. அதனால் நாடு முழுக்க ஜனங்கள் தேவாலய அலுவலகங்களுக்குப் படையெடுத்தார்கள், தாத்தாவின் ஞானஸ்நானச் சான்றிதழ் நகல் வாங்க. யூதருக்குச் சம்பந்தமே இல்லாத ஆள்கூட வேலைக்கு அதைக் காட்ட வேண்டியிருந்தது.

1936 பெர்லின் ஒலிம்பிக் நேரத்தில் இதையெல்லாம் நிறுத்திவைத்தார்களாமே?

'யூதருக்கு இடமில்லை' என்ற பலகைகளைக் கழற்றினார்கள். சட்டங்களை அல்ல.

நீதிபதிகள் என்ன செய்தார்கள்? சட்டம் இருப்பதால் கைகட்டி நின்றார்களா?

கைகட்டி நின்றிருந்தால்கூடத் தேவலை. சட்டம் கேட்டதற்கு மேலே கொடுத்தவர்கள் அவர்கள். உறவு என்றால் என்ன என்பதை 1936 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் அகலமாக்கிவிட்டது, உடலுறவு வரைக்கும் போக வேண்டியதில்லை என்று.

லியோ கட்சன்பெர்கர் வழக்கைப் பாருங்கள். நூரம்பர்க்கில் காலணி வியாபாரி, ஊர் யூத சபையின் தலைவர், 68 வயது. அவருடைய கட்டடத்தில் ஓர் இளம் ஜெர்மானியப் பெண் குடியிருந்தார், புகைப்படத் தொழில். பெரியவர் அந்தப் பெண்ணிடம் அப்பா மாதிரி பிரியமாக இருந்தார், அக்கம்பக்கம் வம்பு பேசியது. இருவரும் மறுத்தார்கள், பெண் சத்தியமே செய்தார். முதலில் விசாரித்த நீதிபதிக்கு ஆதாரம் போதவில்லை. ஆனால் ஓஸ்வால்ட் ரோட்ஹவுக் என்ற நீதிபதி வழக்கைத் தன் சிறப்பு நீதிமன்றத்துக்கு இழுத்துக்கொண்டார். ஒரு சிக்கல், ரத்தச் சட்டத்தில் மரண தண்டனை கிடையாது, சிறைதான். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி: போர்க்கால இருட்டடிப்பை (விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரெல்லாம் விளக்கணைப்பது) பயன்படுத்திக் குற்றம் செய்தால் மரண தண்டனை தரலாம் என்று 1939-இல் ஓர் ஆணை இருந்தது, திருடர்களுக்காகப் போட்டது. பெரியவர் இருட்டிய பிறகு அந்த வீட்டுக்குப் போனார் அல்லவா? இரண்டையும் ஒட்டவைத்தார். அந்தப் பெண் மீது பொய்சாட்சிக் குற்றம் சுமத்திக் கூண்டிலேயே ஏற்றிவிட்டதால் பெரியவருக்குச் சாட்சி சொல்லவும் ஆள் இல்லை. 1942 மார்ச்சில் தீர்ப்பு, ஜூனில் தலை போயிற்று.

1938-ஐ ஏன் திருப்புமுனை என்கிறார்கள்?

அதுவரை வேலையைப் பறித்தார்கள், அந்த வருஷம் சொத்துக்கு வந்தார்கள். ஏப்ரல் 26-இல் ஓர் ஆணை: 5,000 மார்க்குக்கு மேல் சொத்து வைத்திருக்கும் யூதர் எல்லோரும் கணக்குக் காட்ட வேண்டும். வெறும் படிவம்தான், யாரும் எதையும் பிடுங்கவில்லை. ஜூலையில் மருத்துவர்களின் உரிமம் ரத்து, செப்டம்பரில் வழக்கறிஞர்களுக்கும். அக்டோபரில் பாஸ்போர்ட்டில் சிவப்பில் 'ஜே' என்ற எழுத்து, யூதர் என்பதற்கான ஜெர்மன் சொல்லின் முதலெழுத்து. அதற்குப் பின்னால் சுவிட்சர்லாந்தின் நெருக்குதலும் இருந்தது, அகதிகளை எல்லையிலேயே அடையாளம் காண. மாதக் கடைசியில் போலந்துக் குடியுரிமை கொண்ட சுமார் 17,000 யூதர்களை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளப்பட்ட ஒரு குடும்பத்தின் 17 வயதுப் பையன் பாரிஸில் ஒரு ஜெர்மன் தூதரக அதிகாரியைச் சுட்டான். அதைச் சாக்காக வைத்து நவம்பர் 9 இரவு நாடெங்கும் வழிபாட்டுக்கூடங்களைக் கொளுத்தினார்கள், கடைகளை நொறுக்கினார்கள், சுமார் 30,000 ஆண்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள்.

மூன்றாம் நாள், நவம்பர் 12, ஹிட்லரின் வலதுகையான கோரிங் தலைமையில் ஒரு கூட்டம். காப்பீட்டுக் கம்பெனிகளின் பிரதிநிதியும் வந்திருந்தார். கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வர வேண்டும், அந்நியச் செலாவணி செலவு என்று பேச்சு. இத்தனை பொருளை உடைத்ததற்குப் பதில் 200 யூதர்களைக் கொன்றிருக்கலாம் என்று கோரிங் அலுத்துக்கொண்டது குறிப்பேட்டில் இருக்கிறது. கடைசியில் எடுத்த முடிவு: யூத சமூகத்துக்கு 100 கோடி மார்க் அபராதம், உடைந்ததை யூதர்களே செப்பனிட வேண்டும், காப்பீட்டுப் பணம் அரசுக்கு. அடி வாங்கினவனிடமே அடித்த கூலி! அபராதத்தை எப்படி வசூலித்தார்கள்? 5,000 மார்க்குக்கு மேல் சொத்துள்ளவர் 20 சதவீதம் கட்ட வேண்டும். யாரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதற்கு ஏப்ரலில் வாங்கிய படிவம் கைவசம் இருந்தது. ஜனவரி 1 முதல் கடையும் நடத்தக்கூடாது.

இஸ்ரேல், சாரா என்ற பெயர்கள் சட்டப்படி வைத்தவையா?

ஆமாம். 1938 ஆகஸ்ட் 17 ஆணை. யூதப் பெயர்கள் என்று ஒரு பட்டியல் தயாரித்தார்கள். உங்கள் பெயர் அதில் இல்லாவிட்டால், 1939 ஜனவரி 1 முதல் ஆண் என்றால் 'இஸ்ரேல்', பெண் என்றால் 'சாரா' என்று கூடச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பிறப்பை, கல்யாணத்தைப் பதிந்த அலுவலகத்துக்கு நீங்களே எழுதித் தெரிவிக்க வேண்டும், தெரிவிக்காவிட்டால் தண்டனை.

இவ்வளவு நடந்தும் ஏன் நாட்டைவிட்டுப் போகவில்லை?

போனார்கள். 1939 செப்டம்பருக்குள் ஜெர்மனியிலிருந்து மட்டும் இரண்டே முக்கால் லட்சத்துக்கு மேல் வெளியேறிவிட்டார்கள். தங்கியவர்களில் பலர் வயதானவர்கள், ஏழைகள், விசா கிடைக்காதவர்கள். போவதற்கும் விலை: 'நாட்டைவிட்டு ஓடும் வரி' என்று சொத்தில் 25 சதவீதம். இது நாஜிகள் கண்டுபிடித்ததல்ல, 1931-இல் முந்தைய அரசு பணக்காரர்களுக்காகப் போட்டது. 1934-இல் வரம்பை 2 லட்சம் மார்க்கிலிருந்து 50,000-க்கு இறக்கினார்கள். மிச்சப் பணத்தை வெளிநாட்டு நாணயமாக மாற்றுவதில் இன்னொரு கொள்ளை. 1938 ஜூலையில் பிரான்ஸின் எவியன் நகரில் அகதிகளைப் பற்றிப் பேச 32 நாடுகள் கூடி அனுதாபப்பட்டன. பெரிய எண்ணிக்கையில் ஏற்கிறேன் என்று முன்வந்தது டொமினிக்கன் குடியரசு.

நம் பக்கத்துக் கதை ஒன்றும் உண்டு. ஏப்ரல் 7 சட்டத்தால் கோட்டிங்கனில் வேலை இழந்தவர்களில் மாக்ஸ் போர்னும் ஒருவர், குவாண்டம் இயற்பியலின் தூண்களில் ஒருவர். திருச்சியில் பிறந்த நம் சி.வி. ராமன் அப்போது பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநர். போர்னை வரவழைத்தார், 1935-36-இல் சுமார் ஆறு மாதம் இருந்தார்கள் போர்ன் தம்பதி. நிரந்தரப் பதவி தர ராமன் முயன்றார், உள்ளே எதிர்ப்பு கிளம்பிக் கைகூடவில்லை. போர்ன் எடின்பரோவுக்குப் போனார், 1954-இல் நோபல் பரிசு வாங்கினார்.

போர் தொடங்கிய பிறகு?

இங்கே பெரிய சட்டங்களைவிடச் சின்ன ஆணைகள்தான் என்னைத் தூங்கவிடாதவை. ரேடியோவை ஒப்படைக்க வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் வெளியே போகக்கூடாது. தொலைபேசி துண்டிப்பு. கடைக்குப் போக ஒரு மணி நேரம், பெர்லினில் மாலை நாலிலிருந்து ஐந்து. 1941 செப்டம்பர் 19 முதல், ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் இடப்பக்க மார்பில் மஞ்சள் நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காசும் கொடுக்க வேண்டும், ஒன்று 10 ஃபெனிக்.

டிரெஸ்டனில் விக்டர் கிளெம்பரர் என்ற மொழிப் பேராசிரியர் நாள்தோறும் ரகசியமாக டைரி எழுதினார். போர்முனைக்குப் போனவர், கிறிஸ்தவராக மாறியவர், மனைவி யூதரல்லாதவர். 1933-இல் விதிவிலக்கு, 1935-இல் வேலை போனது, பிறகு நூலகம், பிறகு ஆசையாக ஓட்டக் கற்றுக்கொண்ட கார், பிறகு வீடு, பிறகு டைப்ரைட்டர். 1942 மே மாதம் யூதர் வீட்டில் நாய், பூனை, பறவை வளர்க்கக்கூடாது என்று ஆணை. வேறு யாரிடமும் கொடுக்கவும் கூடாது. அவர்கள் வீட்டில் முஷல் என்று ஒரு பூனை இருந்தது. அதிகாரிகள் கையில் விட மனமில்லாமல் மனைவி எவாவே கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போய் ஊசி போட்டு முடித்தார். அடுத்த மாதம் கிளெம்பரர் உட்கார்ந்து இதுவரை வந்த தடைகளுக்கு எண் போட்டு எழுதிப் பார்த்தார்: முப்பதுக்கு மேல் போயிற்று. பூ வாங்கக்கூடாது என்பதும் அதில் ஒன்று.

நாடுகடத்தலுக்கும் சட்டம் இருந்ததா?

கொல்வதற்குச் சட்டம் கிடையாது. சொத்துக்கு இருந்தது. 1941 நவம்பர் 25, பதினோராவது துணை விதி: வெளிநாட்டில் வசிக்கும் யூதர் ஜெர்மன் குடியுரிமையை இழக்கிறார், அவருடைய சொத்து அரசைச் சேரும். படித்தால் ஓடிப்போனவர்களுக்கு என்றுதான் தோன்றும். ஆனால் கிழக்கே போகும் ரயிலில் பிடித்து ஏற்றியவரும் எல்லை தாண்டியதும் 'வெளிநாட்டில் வசிப்பவர்' ஆகிவிடுகிறார்! தீர்ப்பு வேண்டாம், பறிமுதல் ஆணை வேண்டாம், ரயில் எல்லையைக் கடப்பதே போதும். புறப்படும் முன் பல பக்கப் படிவத்தில் துண்டு, தலையணை உறை வரை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். பிறகு வருமான வரிக்காரர்கள் அந்த வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்கள் அதே ஊர்க்காரர்கள்.

1943 ஜூலையில் வந்த 13-ஆவது விதியோடு கதை முடிந்தது: யூதர் செய்யும் குற்றத்தை இனி போலீஸே தண்டிக்கும், நீதிமன்றம் கிடையாது.

இதையெல்லாம் எழுதியவர்களுக்கு என்ன தண்டனை?

கேட்டால் எரிச்சல்தான் வரும். நூரம்பர்க் சட்டங்களுக்கு விளக்க உரை எழுதிய இருவரில் வில்ஹெல்ம் ஸ்டுக்கார்ட், படுகொலைத் திட்டத்தைப் பேசிய 1942 வான்சே கூட்டத்திலும் உட்கார்ந்திருந்தவர், ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே போதும் என்று வெளியே வந்தார். இன்னொருவர் ஹான்ஸ் குளோப்கே. 1953-லிருந்து பத்து வருஷம் மேற்கு ஜெர்மனியின் சான்சலர் அலுவலகத்துக்கே தலைவர். கட்சன்பெர்கர் தலையை வாங்கிய ரோட்ஹவுக்குக்கு 1947-இல் அமெரிக்க நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது, 1956-இல் விடுதலை.

அந்தச் சட்டங்கள் எப்போது ரத்தாயின? மூலப் பிரதி எங்கே இருக்கிறது?

1945 செப்டம்பர் 20-இல் நேச நாடுகளின் கட்டுப்பாட்டுக் குழு ரத்து செய்தது. 1949 அரசியலமைப்பின் 116-ஆவது பிரிவு, குடியுரிமை பறிக்கப்பட்டவர்களும் அவர்கள் சந்ததியும் கேட்டால் திருப்பித் தர வேண்டும் என்கிறது; இன்றைக்கும் பேரன் பேத்திகள் விண்ணப்பிக்கிறார்கள். அந்தப் பதினோராவது விதி பிறந்தபோதே செல்லாது, அது சட்டமே அல்ல என்று ஜெர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் சொன்னது 1968-இல்.

ஹிட்லர் கையெழுத்திட்ட நூரம்பர்க் சட்ட மூலப் பிரதி 1945-இல் அமெரிக்கத் தளபதி பேட்டன் கைக்கு வந்தது. அவர் அதை முறைப்படி ஒப்படைக்காமல் தன் ஊரான கலிஃபோர்னியாவில் ஹண்டிங்டன் நூலகத்திடம் கொடுத்துவிட்டார். அவர்கள் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டினார்கள். 1999-இல்தான் வெளியுலகுக்குத் தெரிந்தது. 2010-இல் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போனது. டைப் அடித்த நாலே பக்கம்.